கோடுக்குள் ஒளிந்திருக்கும் சாவி: ‘ஹார்ட்கோடிங்’ ஏன் ஆபத்து?

திருப்பதி ஐ.ஐ.டி., ஸ்ரீசிட்டி ஐ.ஐ.ஐ.டி., சித்தூர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி... எங்கே படித்திருந்தாலும், சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை தேடும்போது ரெஸ்யூமில் ‘கிட்ஹப்’ லிங்க் கொடுத்திருப்பீர்கள். அதில் புராஜெக்ட் மட்டும்தான் இருக்கிறதா, கிளவுட் அக்கவுன்ட்டின் சாவியும் இருக்கிறதா? இன்னைக்கே ஒருமுறை பார்த்துடுங்க.

ஹார்ட்கோடிங் என்றால் என்ன?

டேட்டாபேஸ், கிளவுட், பேமென்ட் சேவைகளுக்குள் நுழைய ஒரு ஆப் காட்டும் ரகசியக் குறியீடுதான் ‘சீக்ரெட் கீ’. அதை கோடிலேயே எழுதிவைப்பது ஹார்ட்கோடிங். டெஸ்டிங்குக்கு வசதிதான். ஆனால், கோட் போகும் இடமெல்லாம் சாவியும் போகும்.

இதனால் யார் சிக்கினார்கள்?

2016-ல் ஊபரின் தனிப்பட்ட கிட்ஹப் பக்கத்துக்குள் நுழைந்தவர்கள், கோடில் இருந்த அமேசான் கிளவுட் கீயை எடுத்தார்கள். 5.7 கோடி பேரின் தகவல்கள் போயின. ‘பிரைவேட்’ என்பதாலேயே பாதுகாப்பு இல்லை.

டொயோட்டாவில், ஒப்பந்த நிறுவனம் 2017 டிசம்பரில் பொதுவெளியில் ஏற்றிய கோடில் ஒரு கீ இருந்தது. 2022 செப்டம்பரில்தான் கண்டுபிடித்தார்கள். 2,96,019 வாடிக்கையாளர்களின் இ-மெயில் முகவரிகள் கசிந்திருக்கக்கூடும் என அறிவித்தார்கள்.

2021-ல் இந்திய நிறுவனமான கிளவுட்செக், 40-க்கும் மேற்பட்ட மொபைல் ஆப்களில் அமேசான் கீகள் அப்படியே இருந்ததைக் கண்டறிந்தது.

டெலிட் பண்ணிட்டா போதாதா?

போதாது. ‘கிட்’ பழைய கமிட்களை எல்லாம் வைத்திருக்கும். புதிய கீகளைத் தேடியே பாட்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

* கசிந்த கீயை முதலில் ரத்து செய்யுங்கள். கோடைத் திருத்துவது அப்புறம்.
* லாக்கைப் பாருங்கள். டீம் லீடிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
* சர்வர் கோடில் என்விரான்மென்ட் வேரியபிள் அல்லது சீக்ரெட் மேனேஜர் பயன்படுத்துங்கள்.
* மொபைல் ஆப்பில் சீக்ரெட் கீயே வேண்டாம், ஏ.பி.கே. ஃபைலைப் பிரித்துப் பார்க்க முடியும். கீ சர்வரிலேயே இருக்கட்டும்.
* ஒவ்வொரு கீக்கும் தேவையான அனுமதி மட்டும் கொடுங்கள்.

தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ம் ஆண்டு சட்டத்தில் இடமுண்டு. ‘அப்புறம் மாத்திக்கலாம்’னு நீங்கள் விட்ட ஒரு வரி அதற்குக் காரணமாக வேண்டாமே!