ஊர்ப்பேச்சு பாட்டேறிய வரலாறு

தான் பிறந்த மண்ணின் பேச்சை இழக்கும் கலை இரவற்குரல் ஆகிவிடும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிரஞ்ச் இசை ஓங்கியிருந்தபோது இங்கிலாந்தின் இளைஞர் சிலர் இதனை உணர்ந்தனர். அவ்வுணர்வின் விளைவே பிரிட்பாப். பிளர், ஓயாசிஸ், பல்ப் முதலிய குழுக்கள் தம் தெருவையும் தம் ஊர் உச்சரிப்பையும் பாட்டில் ஏற்றின. ஷெஃபீல்டு நகரத்துப் பல்ப் குழு, வர்க்க வேறுபாட்டைப் பொருளாகக் கொண்டு 1995இல் வெளியிட்ட ‘காமன் பீப்பிள்’ விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது.

வெற்றியே சோதனையும் ஆயிற்று. 1996 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் ஓயாசிஸ் பாடிய இரு நாள்களில் ஏறத்தாழ 2,50,000 பேர் திரண்டனர். அக்குழுவின் பாடல்களை வெளியிட்ட கிரியேஷன் நிறுவனமோ 1992இலேயே தன் பங்குகளில் ஏறத்தாழப் பாதியைச் சோனிக்கு விற்றிருந்தது. சுயேச்சை எனப் பொருள்படும் ‘இண்டி’ என்னும் சொல், வெறும் பாணியின் பெயராகச் சுருங்கலாயிற்று.

ஆயினும் விதை அழியவில்லை. அதே ஷெஃபீல்டில் தோன்றிய ஆர்க்டிக் மங்கீஸ் குழு ஊர்ப்பேச்சிலேயே பாடியது. டொமினோ என்னும் சுயேச்சை நிறுவனத்தின்வழி 2006இல் வெளிவந்த அதன் முதல் தொகுப்பு, முதல் வாரத்திலேயே 3,60,000 படிகளுக்குமேல் விற்றது.

பாராட்டுப் பெருகும் இப்பத்தாம் ஆண்டில், நாம் பாடுவது நம் குரலில்தானா என வட்டத்துக் கவிஞர் ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்ளல் நன்று.