கோழியின் தவிடும் கல்கத்தாவின் அரிசியும்

கோழித் தீவனத் தானியத்தின் ஊட்டத்தை ஆராயும் அறிவியல், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தொடங்கியது எனலாம். 1889-இல், டச்சு ஆட்சியிலிருந்த பத்தேவியாவில் கிறிஸ்தியான் எய்க்மானின் ஆய்வுக்கூடக் கோழிகள் கால் துவண்டு விழுந்தன. இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறே அவற்றுக்கு அப்போது தீவனம். புதிதாக வந்த சமையற்காரர், படைக்குரிய அரிசியைப் படையில் சேராத கோழிகளுக்குத் தர மறுத்தார். தீட்டாத அரிசி வந்தது. கோழிகள் எழுந்து நடந்தன. அரிசி மாவில் ஒரு நஞ்சும் தவிட்டில் அதன் முறிவும் இருப்பதாகவே எய்க்மான் முதலில் எண்ணினார். தவிட்டில் இருப்பது முறிமருந்தன்று, உடலுக்கு இன்றியமையாத உணவுக்கூறு என்று 1901-இல் விளக்கியவர் கெரிட் கிரைன்ஸ். 1929-இன் நோபல் பரிசில் எய்க்மானுக்குப் பங்கு கிடைத்தது, கிரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை. சமையற்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தக் கோழிகளின் நிழல் கல்கத்தா வரை நீண்டது. 1877 முதல் அந்நகரில் கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் இதயத் தளர்ச்சியுமாக ஒரு நோய் மீண்டும் மீண்டும் பரவியது. மருத்துவர்கள் அதனை 'எபிடெமிக் டிராப்ஸி' என்றனர். பெரிபெரியிலும் கால் வீங்கும், இதயம் தளரும். ஆகவே பழி அரிசியின் மீது விழுந்தது. 1920-களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆக்டனும் சோப்ராவும், ஈரத்தில் தேங்கிய அரிசியில் நுண்ணுயிரிகள் நஞ்சை உண்டாக்குகின்றன என்றனர். எய்க்மான் கைவிட நேர்ந்த நஞ்சுக் கருத்து, வேறு வடிவில் இங்கே திரும்பி வந்தது போலும்.

ஐயுறுவதற்குக் காரணங்கள் அப்போதே இருந்தன. கோழிகளிடம் முதன்மையாய்த் தெரிந்த நரம்புத் தளர்ச்சி, கல்கத்தா நோயாளிகளிடம் அவ்வாறு தெரியவில்லை. மாறாக, சிலருக்குக் கண் அழுத்த நோய் வந்தது. மேலும், வங்காளத்து வீடுகளில் பெரும்பாலும் புழுங்கல் அரிசியே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது மேலுறையின் தயமின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. மலாயாவில் புழுங்கல் உண்ட தமிழ்த் தொழிலாளர்களைப் பெரிபெரி அரிதாகவே தாக்கியது என்பதையும், வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனர்களையே அது வாட்டியது என்பதையும் பிராடன் 1907-இலேயே நூலாக வெளியிட்டிருந்தார். சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்ததும் இதற்கு ஒத்ததே. பிற்காலத்தில் குன்னூர் ஆய்வகத்தில் அய்க்ராய்டு குழுவினர் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தனர்.

1926-இல் சர்க்கார் என்னும் மருத்துவர் அரிசியை விட்டுக் கடுகெண்ணெயைச் சுட்டினார். கல்கத்தாவின் அனைத்திந்தியச் சுகாதார, பொதுநல நிறுவனத்தைச் சேர்ந்த லாலும் ராயும் 1937-இல் அதனை நிலைநாட்டினர்: கடுகெண்ணெயில் கலந்த பிரம்மதண்டு விதை எண்ணெயே குற்றவாளி. அறுபது ஆண்டுகளுக்குப் பின் அரிசி விடுதலை பெற்றது. அதற்குள் எத்தனை வீடுகள் அரிசியை மாற்றிவிட்டு, அதே எண்ணெயில் மீன் பொரித்தனவோ!

தவிட்டின் கதை அத்துடன் முடியவில்லை. ஆலைகளில் கழியும் தவிடு, விரைவில் சிக்கடிப்பதால் எண்ணெய் எடுக்கப்பட்ட பின், பெருமளவில் கோழித் தீவனத்துக்குச் செல்கிறது. அதிலுள்ள பாஸ்பரசின் பெரும்பகுதி பைட்டேட்டாகப் பிணைந்திருக்கிறது. கோழியின் குடலால் அதனைப் போதிய அளவு பிரிக்க இயலாது. செரிக்காத பாஸ்பரசு எச்சத்தோடு மண்ணையும் நீரையும் அடைகிறது. அப்பிணைப்பை அவிழ்க்கவே இன்று தீவனத்தில் பைட்டேஸ் நொதியைச் சேர்க்கிறார்கள்.