லீவர் நாலுல இருக்கு, முன் சக்கரம் எங்க இருக்கு?

ஜீப்புல லீவரைத் தள்ளி 4-க்குக் கொண்டு போனா நாலு சக்கரமும் இழுக்கும். இதானே நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சது? 1984-லிருந்து 1991 வரை வந்த ஜீப் செரோக்கியை வெச்சு ஓட்டினவங்ககிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. லீவர் 4-ல இருக்கும். முன் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜம்முன்னு சுத்திக்கிட்டிருக்கும். வண்டி மட்டும் பின் சக்கரத்தால பனியைத் தோண்டிக்கிட்டு நின்ன இடத்துலயே நிக்கும். விவரம் தெரியாத பட்டறைக்குப் போனா டிரான்ஸ்ஃபர் கேஸையே கழட்டிருவாங்க. கோளாறோ பல நேரம் சுண்டு விரலை விட மெல்லிசான ஒரு ஹோஸ் பைப்புல இருக்கும்.

ஒரு லீவருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஹோஸ் பைப் எப்படி வந்துச்சுன்னு தேடினா கதை 1940-க்குப் போகுது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா வாங்க.

ஃபோர் வீல் டிரைவ் ஜீப்போட கண்டுபிடிப்பு இல்ல. விஸ்கான்சின்ல இருந்த எஃப்டபிள்யூடி கம்பெனி முதல் உலகப் போருக்கே நாலு சக்கரமும் இழுக்குற லாரி செஞ்சு அனுப்புச்சு. ஆனா அதெல்லாம் பெரிய உருப்படி. சின்னதா, லேசா, பள்ளம் மேட்டுல ஓடுற வண்டி வேணும்னு அமெரிக்க ராணுவம் 1940 ஜூலையில 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டுச்சு. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள். எடை 1,300 பவுண்ட், அதாவது 590 கிலோவுக்குள்ள. நம்ம ப்ராஜெக்ட் மேனேஜர்கள் எல்லாம் யார்கிட்ட டெட்லைன் போடக் கத்துக்கிட்டாங்கன்னு இப்பப் புரியுதா :-)

ஆர்வம் காட்டினது ரெண்டே பேர். பென்சில்வேனியாவுல பட்லர்ங்குற ஊர்ல நொடிச்சுப் போற நிலைமையில இருந்த அமெரிக்கன் பாண்டம், ஒஹையோவுல டொலிடோ நகரத்து வில்லிஸ். பாண்டம்கிட்ட டிசைன் பண்ண ஆளே இல்ல. கார்ல் ப்ராப்ஸ்ட்னு ஒரு டெட்ராய்ட் எஞ்சினியரைக் கூப்பிட்டாங்க. அவர் ரெண்டு நாள்ல படம் போட்டு முடிச்சார். 1940 செப்டம்பர் 23-ஆம் தேதி, கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது மேரிலாண்ட்ல ஹோலாபேர்ட் முகாமுக்குள்ள வண்டி போய் நின்னுச்சு. ராணுவம் கேட்ட எடையில வரவே இல்ல, அது வேற கதை. அப்புறம் ராணுவம் பாண்டத்தோட படங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்து அவங்களையும் செய்யச் சொன்னது. போர் முடியுறப்ப வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து செஞ்சது 6 லட்சத்துக்கும் மேல. முதல் வண்டியைச் செஞ்ச பாண்டம் செஞ்ச ஜீப் மொத்தமே 2,700-க்குப் பக்கம்தான். என்னைக் கேட்டா இந்தக் கதையில ரொம்ப அநியாயமான இடம் இதுதான்.

நமக்கு வேண்டியது அந்த வண்டியோட முன் ஆக்ஸில். இழுக்கவும் செய்யணும், திரும்பவும் செய்யணும், ரெண்டும் ஒரே சக்கரம். சாதாரண கிராஸ் ஜாயிண்ட் மடங்கி நிக்கும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு தடவை வேகமாகி ரெண்டு தடவை மெதுவாகும், ஸ்டியரிங் உதறும். அந்த உதறல் இல்லாத ஜாயிண்டுகளை 1920-களிலேயே சிலர் கண்டுபிடிச்சிருந்தாங்க. ஆல்ஃபிரட் ரெஸெப்பாவோட ஆறு குண்டு ஜாயிண்ட், பெண்டிக்ஸ்-வைஸ், பிரான்ஸ்ல கிரேகுவாரும் ஃபெனாயும் செஞ்ச ட்ராக்டா. போர்க்காலத்துல எது கிடைச்சுதோ அதை மாட்டினாங்க. அதனால பழைய ராணுவ ஜீப்போட முன் ஆக்ஸிலைத் திறக்குற மெக்கானிக்குக்கு உள்ள என்ன இருக்குன்னு திறந்தாத்தான் தெரியும்.

இந்த ஜீப்புல முன் ஆக்ஸிலுக்கு ஒரு லீவர், ஹை-லோவுக்கு ஒரு லீவர். முன் ஆக்ஸிலைச் சேர்க்காம லோ விழாது, பூட்டு வெச்சிருந்தாங்க. லோ ரேஞ்சோட மொத்த முறுக்கும் பின் ஆக்ஸில் தலையில மட்டும் விழக் கூடாதுன்னு. நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவுல முன் சக்கரம் பின் சக்கரத்தை விடப் பெரிய வட்டத்துல போகும், ஆனா ரெண்டு ஷாஃப்டையும் இறுகப் பூட்டியாச்சு. சேத்துல, மணல்ல சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரி பண்ணிக்கும். காஞ்ச தார் ரோட்டுல வழுக்க இடமில்லாம ஷாஃப்டெல்லாம் ஸ்பிரிங் மாதிரி முறுக்கிக்கும். அப்புறம் லீவரை இழுத்தா வராது. இது கோளாறே இல்லை. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டே இழுத்தா விட்டுரும். நேர் ரோட்டுலயே இப்படிப் பிடிச்சா முன் டயரும் பின் டயரும் ஒரே அளவான்னு பாக்கணும். முன்னாடி தேஞ்சது, பின்னாடி புதுசுன்னு போட்டிருந்தாலே போதும்.

(நம்ம மகிந்திரா ஜீப்பும் இந்த வம்சம்தான். 1940-களோட கடைசியில பம்பாயில வில்லிஸ் ஜீப்பை உதிரியா இறக்கிக் கோத்துத்தான் ஆரம்பிச்சாங்க. ஆனா போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுற ஜீப்புல பலது பின் சக்கரம் மட்டும் இழுக்குற ரகம். ஃபோர் வீல் இல்லாமலே அந்த டிரைவர்கள் ஏத்துற ஏத்தத்துக்குத் தனிப் பதிவே போடணும்.)

சரி, போர் முடிஞ்சு ஜீப்புகள் ஏலத்துக்கு வந்துச்சு. ரோட்டுல ஓட்ட ஆரம்பிச்சப்பதான் ஒரு தொல்லை தெரிஞ்சது. லீவரை 2-க்குக் கொண்டு வந்தாலும் முன் சக்கரம் உருளுறதால அதோட ஷாஃப்ட், கிரவுன், ப்ரொபெல்லர் எல்லாம் வெட்டியா சுத்திக்கிட்டே வரும். சத்தம், தேய்மானம், பெட்ரோல். சியாட்டில் பக்கம் ஜீப் வித்துக்கிட்டிருந்த ஆர்தர் வார்ன் 1948-ல இதுக்கு ஒரு வழி செஞ்சார். சக்கரத்தோட ஹப்புல ஒரு பூட்டு. திறந்து விட்டா சக்கரம் மட்டும் சுத்தும், உள்ள எல்லாம் தூங்கும். வேணும்ங்குறப்ப இறங்கிப் போய் ரெண்டு பக்கமும் திருகணும்.

கோளாறு பாக்குற வேலை இங்கேருந்துதான் சிக்கலாச்சுன்னு நான் நினைக்கிறேன். டிஃபரன்ஷியலோட குணம் என்னன்னா, எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கமே ஓடும். ஒரு ஹப் பூட்டாம இருந்தா அந்தப் பக்கத்து ஷாஃப்ட் வெறுமனே சுத்தும், மறுபக்கச் சக்கரத்துக்கு ஒண்ணுமே போகாது. ஒரு பக்கம் போனா முன் ஆக்ஸிலே போன மாதிரி. உள்ள உக்காந்திருக்குற டிரைவருக்கு எதுவும் தெரியாது. லீவர் 4-னு சொல்லுதே! லீவர் சொல்றது நாம என்ன கேட்டோம்ங்குறதை, என்ன நடந்துச்சுங்குறதை இல்ல. ஃபங்ஷனைக் கூப்பிட்டுட்டு ரிட்டர்ன் வேல்யூவைப் பாக்காம விட்ட கதைதான்.

அடுத்த முப்பது வருஷத்தை வேகமா ஓட்டிருவோம். வில்லிஸை 1953-ல கைசர் வாங்குச்சு, 1970-ல ஜீப் ஏஎம்சி கைக்கு வந்துச்சு. 1973-ல வேகனியர்ல குவாட்ரா-ட்ராக்னு எப்பவும் நாலு சக்கரமும் இழுக்குற அமைப்பைக் கொண்டு வந்தாங்க. லீவரும் இல்ல, ஹப்பும் இல்ல, இறங்கவே வேண்டாம். அதே வருஷக் கடைசியில எண்ணெய் நெருக்கடி. 1975-ல எரிபொருள் சிக்கனச் சட்டம், 1979 மாடல்லேருந்து சின்ன டிரக்குகளுக்கும் மைலேஜ் கணக்கு. இப்பப் பாருங்க நிலைமையை: சக்கரம் வெட்டியா எதையும் சுத்தக் கூடாது, ஆனா ஓட்டுறவரும் இறங்கக் கூடாது.

இந்த ரெண்டு ஆசைக்கும் பொறந்த குழந்தைதான் நம்ம செரோக்கியோட முன் ஆக்ஸில். வலது பக்க ஷாஃப்டை ரெண்டா வெட்டினாங்க. நடுவுல ஒரு காலர், அதைத் தள்ள ஒரு ஃபோர்க், ஃபோர்க்கைத் தள்ள ரப்பர் டயாஃப்ரம் வெச்ச ஒரு வேக்குவம் மோட்டார். எஞ்சின் உறிஞ்சுற காத்துதான் அதுக்குச் சக்தி. 2-ல ஓடும்போது காலர் விலகி இருக்கும். இடது சக்கரம் சுத்த, வலது உள் ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுத்த, டிஃபரன்ஷியலுக்குள்ள சின்னப் பல்சக்கரங்கள் மட்டும் ஓட, கிரவுனும் ப்ரொபெல்லரும் அசையாம நிக்கும். கல்லூரியில டிஃபரன்ஷியலை நாங்க மனப்பாடம்தான் பண்ணோம். வண்டியைத் திருப்புறதுக்குன்னு வெச்ச சாமானை வெச்சே ப்ரொபெல்லரைத் தூங்க வைக்கலாம்னு யோசிச்ச ஆளுக்கு ஒரு சலாம்.

4-க்குத் தள்ளினா டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல இருக்குற சுவிட்ச் வேக்குவத்தை மோட்டாரோட மறுபக்கத்துக்குத் திருப்பும், காலர் வந்து ரெண்டு துண்டையும் சேர்க்கும். சேர்ந்த பிறகுதான் மோட்டார்லேருந்து இன்னொரு ஹோஸ் வழியா வேக்குவம் போய் டேஷ்போர்டு விளக்கை எரிய வைக்கும். இது நல்ல ஏற்பாடு. 1941 ஜீப்புலயும் இல்லாதது, வார்ன் ஹப்புலயும் இல்லாதது. முதல் தடவையா வண்டி "நடந்துருச்சு"ன்னு பதில் சொல்லுது. ஆனா அந்தப் பதிலும் அதே ஓட்டை ஹோஸ் வழியாத்தான் வரணும்!

எஞ்சின் சூட்டுல அந்த ஹோஸெல்லாம் சில வருஷத்துல அப்பளம் மாதிரி ஆயிரும். ஆக்ஸில் ஆயில் சீலைத் தாண்டி மோட்டாருக்குள்ள போனா டயாஃப்ரம் கெடும். ஃபோர்க்கு நுனி தேயும். துருப்பிடிச்ச காலர் பாதியில நிக்கும். எல்லாத்துக்கும் அறிகுறி ஒண்ணே ஒண்ணுதான்: லீவர் 4-ல, வண்டி 2-ல.

இதைக் கண்டுபிடிக்குற முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா ஆஃபீஸ்ல பக் தேடுறதும் இப்படித்தான். பாதியா வெட்டு, எந்தப் பாதியில கோளாறுன்னு பாரு. முதல் வெட்டு ஜாக்கி. பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன் ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டுல உக்கார வெச்சு, எஞ்சின் ஓடும்போதே லீவரை 4-ல போட்டு, அப்புறம் எஞ்சினை நிறுத்திட்டு (சுத்தும்போது அடியில போறது வீரம் இல்ல), கியரையும் போட்டு இடது சக்கரத்தைக் கையால சுத்தணும். வலது சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தினா ஆக்ஸில் சேர்ந்திருக்கு. சும்மா நின்னா காலர் சேரல. முன்னாடி ப்ரொபெல்லரே கைக்குச் சுத்துதுன்னா ஆக்ஸிலை விட்டுட்டு டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாக்கணும்.

காலர் சேரலைன்னா எஞ்சினை ஓட விட்டு, மோட்டாருக்கு வர்ற ஹோஸைக் கழட்டி விரலால மூடிப் பாக்கணும். விரலை உறிஞ்சுதுன்னா ஹோஸும் சுவிட்சும் நல்லா இருக்கு, குற்றவாளி ஆக்ஸில் பக்கம். உறிஞ்சலையா? எஞ்சின்லேருந்து நேரா ஒரு புது ஹோஸைக் கொண்டு வந்து மாட்டிப் பாருங்க. அப்பச் சேர்ந்தா ஆக்ஸில்ல பழுதில்ல, கோளாறு நடுவழியில. கை பம்பும் மீட்டரும் இருந்தா மோட்டாருக்கு 15 அங்குலம் வேக்குவம் கொடுத்துட்டு முள்ளைப் பாத்துக்கிட்டிருக்கலாம். முள் இறங்கினா டயாஃப்ரம் கிழிஞ்சாச்சு. டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழட்டுற அளவுக்குப் போகாம பல வண்டிக்கு இதுலயே விடை கிடைச்சிரும்.

சரி பண்ணுறதுல மூணு ரகம் உண்டு. ஹோஸும் மோட்டாரும் புதுசு வாங்கிப் போடுறவங்க ஒரு ரகம். வேக்குவத்தைத் தூக்கிட்டு உள்ளேருந்து இழுக்குற கேபிள் போடுறவங்க இன்னொண்ணு, பாசி-லாக்னு அதுக்குக் கிட்டே இருக்கு. மூணாவது ரகத்துக்காரங்க மோட்டாரைக் கழட்டி, ஃபோர்க்கை 4 பக்கம் தள்ளி, ஒரு கிளாம்ப்பைப் போட்டு இறுக்கி மூடிருவாங்க. காலர் இனிமே நகராது. முன் ஷாஃப்டெல்லாம் எப்பவும் வெட்டியா சுத்தும், அதாவது வண்டி 1941-க்குத் திரும்பிப் போயிருச்சு. என் ஓட்டு இந்த மூணாவது ரகத்துக்குத்தான். கொஞ்சம் பெட்ரோல் கூடப் போகலாம், ஆனா பனியில நடுராத்திரி மாட்டினவனுக்கு லீவர் பொய் சொல்லாது.

கம்பெனியும் கடைசியில இதையேதான் பண்ணுச்சு. 1987-ல ஏஎம்சியைக் க்ரைஸ்லர் வாங்கின பிறகு, 1992 மாடல் செரோக்கியில வெட்டின ஷாஃப்ட் போய் ஒரே துண்டு ஷாஃப்ட் வந்துச்சு. ராங்ளர்ல 1995 மாடல் வரைக்கும் வேக்குவம் தாக்குப் பிடிச்சது, அடுத்து வந்த டிஜே ராங்ளர்ல அதுவும் இல்ல. வார்ன் 1948-ல தீர்க்கப் போன பிரச்சினையை, அது பெரிய பிரச்சினையே இல்லைன்னு 45 வருஷம் கழிச்சு விட்டுட்டாங்க.

ஆனா மைலேஜ் கணக்கு விடல. 2018 மாடல் ஜேஎல் ராங்ளர்ல ஷாஃப்டை மறுபடியும் ரெண்டா வெட்டிட்டாங்க. இந்தத் தடவை வேக்குவம் இல்ல, மின்சார மோட்டார். அதைத் தூக்கிட்டு ஒரே துண்டு ஷாஃப்ட் போடுறதுக்கான கிட்டும் கடைக்கு வந்தாச்சு :-)