பிந்தியது கடிகாரமா, காலமா?

1672 ஆம் ஆண்டு. பிரெஞ்சு வானியல் அறிஞர் ழான் ரிஷே, செவ்வாய்க் கோளை ஆராயும்பொருட்டுத் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குச் சென்றிருந்தார். பாரிஸில் பிழையின்றி ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலின் நீளத்தைச் சிறிது குறைத்த பின்னரே அது சரியாக ஓடிற்று. நிலநடுக்கோட்டின் அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பதே அதன் காரணமெனப் பின்னர் நியூட்டன் விளக்கினார். தளர்ந்தது ஊசலேயன்றிக் காலம் அன்று.

காலமும் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டதே என்று 1907 இல் துணிந்து உரைத்தவர் ஐன்ஸ்டைன். ஈர்க்கும் பொருளை நெருங்க நெருங்கக் காலம் மெல்ல நடக்கும். விலக விலக விரையும். எவ்வளவு செம்மையான கடிகாரமும் இவ்விதிக்குத் தப்பாது. 1960 இல் பவுண்ட், ரெப்கா என்னும் இருவர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டிலேயே இவ்விளைவைக் காமாக் கதிர்கொண்டு அளந்து காட்டினர்.

இன்று நமக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள், உயரத்தின் காரணமாக நாளொன்றுக்கு 45 மைக்ரோ வினாடி முந்துகின்றன. வேகத்தின் காரணமாக 7 மைக்ரோ வினாடி பிந்துகின்றன. எஞ்சும் 38 மைக்ரோ வினாடி அற்பமன்று. அதற்குள் ஒளி 11 கிலோமீட்டர் கடந்துவிடும். ஆகவே அதனைத் திருத்தியே வழி கணிக்கின்றனர். கயேனில் கருவியைத் திருத்திய மனிதன், இன்று காலத்தின் இயல்பையே கணக்கில் கொள்கிறான்.