சீதன வீடும் பாதுகாப்புக் கட்டளையும்

கணவனால் அடியுண்ட பெண் தாய்வீடு செல்லுதல் எம்மவரிடை நெடுநாளாக உள்ளது. அதனை வன்முறை என்று எவரும் கூறார். "கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள்" என்பர். ஆசிரியராகிய யாம் அதனைப் பிறிதொரு வழியால் அறிவோம். தவணையின் நடுவே பிள்ளைக்கு விடுகைப் பத்திரம் கேட்டு யாரேனும் வருவர். காரணம் இடாப்பில் எழுதப்படுவதில்லை. சட்ட வரலாற்றை நோக்குவார்க்கு இங்கு ஒரு வியப்பு உண்டு: அவள் விட்டுச் செல்லும் வீடு பல வேளைகளில் அவளுடையதே.

ஒல்லாந்தர் காலத்தில், 1706-1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அத்தொகுப்பைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் ஆங்கிலேயரும் அதனை ஏற்றனர். இத்தேசவழமையின்படி சீதனம் மனைவியின் சொத்து. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அவ்வுரிமையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கணவனுடைய எழுத்து மூலச் சம்மதமின்றி அவள் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாதென விதித்தது. அவன் கைவிட்டுச் சென்றாலும், தக்க காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலும், அவள் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். அடிப்பவனிடமே கையொப்பம் கேட்க வேண்டியவள் அவ்வாசலை நாடுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்!

கொடுமை என்ற சொல் அக்காலச் சட்டத்தில் இல்லாமலில்லை. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவன் தன்னோடு வந்து வாழ்ந்தாற் பணம் தருவேன் என்று கூறினும், அவன் வழக்கமாகக் கொடுமை செய்பவனாயின் மனைவி பிரிந்திருந்தே தாபரிப்புப் பெறலாம். எத்தனை முறை அடித்தால் அது 'வழக்கம்' ஆகுமோ! 1999இல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தாபரிப்புச் சட்டம் வந்தது. எவ்வாறாயினும் கிடைப்பது பணம், வீடன்று.

வன்னியின் நிலை வேறு. துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளப் பகுதிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியோர் பலர். இங்கு அவர்கள் பெற்றது சீதனக் காணியன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. பத்திரம் பெரும்பாலும் குடும்பத் தலைவன் பெயரிலேயே வழங்கப்பட்டது. உரித்து வரிசையிலும் ஆண்மக்களே முந்தினர். அவ்வேறுபாடு நீங்கியது 2022இலேதான். ஆகவே யாழ்ப்பாணத்தில் தன் வீட்டை விட்டுச் சென்ற தாயின் மகள், வன்னியில் கணவன் காணியை விட்டுச் செல்பவளானாள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்விரு பெண்களையும் ஒன்றாக நோக்குகின்றது. வீடு யார் பெயரில் இருப்பினும், வன்முறை செய்பவன் அதனுட் புகலாகாதென நீதவான் கட்டளையிடலாம். முதலில் இடைக்காலக் கட்டளை. பதினான்கு நாளுள் விசாரணை. பின்னர் பன்னிரு மாதத்துக்கு மேற்படாத பாதுகாப்புக் கட்டளை. மீறுவோனுக்குப் பத்தாயிரம் ரூபா வரை குற்றப்பணமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. உடலை வருத்துவது மட்டுமன்றி, மனத்தை வருத்தும் கடுங்கொடுமையும் இச்சட்டத்துள் அடங்கும்.

அச்சட்டம் கொழும்பில் நிறைவேறியபோது துணுக்காய் விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தது. இங்கு வழக்குகளை விசாரித்தவை அவர்களுடைய நீதிமன்றங்களே. 2008இன் இடப்பெயர்வும் 2009இன் பேரழிவும் கடந்து மக்கள் மீளக்குடியேறிய பின்னரே அது எம்மூருக்குப் பயன்படு சட்டமாயிற்று. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் வாழ்ந்தோர்க்கு எது 'வீடு' என்ற வினாவும் உடன் எழுந்தது.

இச்சட்டத்தில் எம்மவர் அதிகம் அறியாத ஓர் ஏற்பாடு உண்டு. பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்கலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். துணுக்காயிலிருந்து பிள்ளையுடன் சாவகச்சேரித் தாய்வீட்டுக்குச் சென்றவள், அங்கிருந்தவாறே, தான் விட்டுவந்த வீட்டினுள் அவன் புகாதவாறு கட்டளை கேட்கலாம்.