ஓர் அங்குலத்தின் வரலாறு

நெய்தல் திணையை நடத்தும்போது திமில், அம்பி, தோணி, வங்கம் என்று கலங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது, கடற்கரைக் கிராமமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து, "சார், இதுல எதுலயாவது எஞ்சின் மாட்ட முடியுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிறன்று அங்கே தொழிலுக்குப் போவதில்லை. கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் பின்புறத்தில் மாணவனின் தகப்பனார் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அது உட்காரும் இடத்தில் ஒரு மரத்துண்டை வைத்து ஆணி அறைந்துகொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு இஞ்சு தாந்து கெடக்கு சார். சும்மா மண்ணெண்ணெயக் குடிக்குது" என்றார். மகன் வகுப்பில் கேட்ட கேள்வியின் பொருள் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பெயர்களை நான் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கலங்களின் பின்புறம் எப்படி இருந்தது என்பதை அவன் கேட்டான்.

அரசு ஆவணங்களில் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்று எழுதப்படுவதைக் கடற்கரையில் எஞ்சின் என்றே சொல்வார்கள். அதன் தலை வெளியிலும் கால் நீரிலும் இருக்கும். மேலே எஞ்சின், அதிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டு, தண்டின் அடியில் பற்சக்கரப் பெட்டி, அதற்குப் பின்னால் விசிறி. விசிறிக்குச் சற்று மேலே ஒரு தட்டையான தகடு கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். நீர்ப்பரப்பிலிருந்து விசிறி காற்றை உறிஞ்சிவிடாமல் தடுப்பது அதன் வேலை. இத்தகடு படகின் அடிப்பாகத்தோடு ஒரே மட்டத்திலோ, ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழ்ந்தோ இருக்க வேண்டும் என்பது பொதுவிதி.

எஞ்சின் உயர்ந்துவிட்டால் விசிறி காற்றை விழுங்கும். எஞ்சின் கத்தும், படகு நகராது. குளிர்விக்கும் நீர் உள்ளே ஏறாமல் போனால் எஞ்சின் வெந்துவிடும். தாழ்ந்துவிட்டால் பெட்டியும் தண்டும் தேவைக்கு மேல் நீரில் இழுபடும். வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு கூடும், கரைக்கு வரும்போது விசிறி மணலில் இடிக்கும். மேலே போனால் எஞ்சின் போகும், கீழே போனால் காசு போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில அங்குலங்கள்தாம்.

இந்த இயந்திரம் பிறந்தது கடலில் அன்று. பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் துரூவே 1881-ல் பாரிஸ் நகரின் சேன் ஆற்றில், சிறு படகொன்றின் சுக்கானோடு மின்மோட்டாரையும் விசிறியையும் இணைத்து ஓட்டிக்காட்டினார். அமெரிக்காவில் காமரன் வாட்டர்மன் 1905-ல் டெட்ராய்ட் ஆற்றில் பெட்ரோல் எஞ்சினைச் சோதித்துப் பார்த்து, அடுத்த ஆண்டே விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதை வெற்றிகரமான வணிகமாக்கியவர் ஓலே எவின்ரூட். 1877-ல் நார்வேயில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவின் விஸ்கான்சினுக்குப் போனவர். ஏரியில் காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போய்த் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது என்றும், அந்த எரிச்சலில்தான் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அவர் 1909-ல் விற்கத் தொடங்கிய எஞ்சினின் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு.

ஆறு, ஏரி, உல்லாசப் படகு: இந்த மூன்றும் அவ்வியந்திரத்தின் உடலமைப்பிலேயே பதிந்துவிட்டன. அந்தப் படகுகளின் பின்புறம் பலகையால் தட்டையாக அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் கவ்விகள் அந்தப் பின்பலகையைப் பற்றிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. காலப்போக்கில் படகு செய்பவர்களும் எஞ்சின் செய்பவர்களும் பின்பலகையின் உயரத்தைப் பொதுவாக 15, 20, 25 அங்குலம் என்று வகுத்துக்கொண்டார்கள். எஞ்சின்களும் அதற்கேற்பக் குட்டைத் தண்டு, நெடுந்தண்டு, மிகநெடுந்தண்டு என்று வந்தன. வாங்குபவர் தம் படகை அளந்து, பொருந்தும் எஞ்சினை எடுத்துக்கொண்டால் போதும்.

பின்பலகையே இல்லாத படகுக்காரர் எதை அளப்பார்?

உலகின் மரபுக் கலங்கள் பல இரு முனையும் கூர்ந்தவை. அலையை வெட்டிக்கொண்டு போகவும், கரைக்கு வரும்போது பின்னிருந்து மோதும் அலையைப் பிளக்கவும் அந்த வடிவம் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எஞ்சின் ஆப்பிரிக்கக் கரைகளை அடைந்தபோது ஒவ்வொரு மக்களும் தத்தமக்கென ஒரு விடை கண்டார்கள். செனகல் மீனவர்கள் தம் நீண்ட பிரோக் படகின் உள்ளேயே கிணறு போலத் துளை அமைத்து எஞ்சினை அதற்குள் இறக்கினார்கள். கானா நாட்டுக்காரர்கள் படகின் பக்கவாட்டில் சட்டம் கட்டித் தொங்கவிட்டார்கள். எஞ்சினோடு வந்த கையேட்டில் இந்த இரண்டுக்கும் படம் இல்லை.

நம் கரைக்கு இயந்திரம் வந்த கதை வேறு. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே 1952-ல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1953-ல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மரபு வள்ளங்களை இயந்திரமயமாக்குவது அதன் தொடக்க எண்ணங்களில் ஒன்று. அவற்றின் உடல் எஞ்சினுக்குப் பொருந்தாது என்று கண்டு புதிய படகுகளைக் கட்டினார்கள். பின்னர் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை கிடைத்தது, இழுவைப்படகுகள் பெருகின. பொருந்தாத வள்ளத்தோடு இருந்தவர்கள் கரையோரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அந்தப் பிளவின் வலியைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். 1977-ல் வெளியான வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலில் வள்ளக்காரர்களும் லாஞ்சுக்காரர்களும் பகைத்து நிற்கிறார்கள். குருஸ் மிக்கேலுக்குத் தன் வள்ளத்தை விட மனமில்லை. வள்ளம், எஞ்சின் இரண்டில் ஒன்றுதான் என்று இருந்த காலம் அது. கேரளம் 1980-லும் தமிழகம் 1983-லும் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்ததற்கு இந்த மோதலே முதன்மையான காரணம்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் வள்ளக்காரர்கள் தாமே எஞ்சினை வாங்கத் தொடங்கினார்கள். ஜப்பானிலிருந்து வந்த, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின்கள் அவை. இழுவைப்படகுகள் அரித்துப்போட்ட கரைக்கடலைத் தாண்டிப் போனால்தான் மீன் என்ற நிலையில் அது ஆசைக்கு வாங்கிய பொருளாக இருக்கவில்லை. பலருக்குக் கடனோடு வந்தது. பொருந்தாது என்று வல்லுநர்கள் கைவிட்ட அதே வள்ளத்தில் அதைப் பொருத்தியாக வேண்டியிருந்தது.

பொருத்தினார்கள். பின்முனையின் பக்கத்தில் குறுக்குச்சட்டம் கட்டி எஞ்சினைத் தொங்கவிட்டார்கள். உயரம் என்னும் கேள்வி அப்போது புதிதாக எழுந்தது. ஏரியில் ஓடும் படகின் அடிப்பாகம் நீரோடு ஏறத்தாழ இணையாகவே இருக்கும். கடலில் வள்ளம் அணியத்தைத் தாழ்த்தும் ஒவ்வொரு முறையும் பின்புறம் எழும்புகிறது, விசிறி காற்றைத் தொடுகிறது. பக்கவாட்டில் எஞ்சின் இருந்தால் வள்ளம் மறுபக்கம் சாயும்போதும் அதே கதை. ஆகவே ஏரிக்குச் சரியான உயரம் கடலுக்குப் போதாது. இன்னும் தாழ்த்த வேண்டும். எவ்வளவு தாழ்த்தினாலும் கரையில் மணல் காத்திருக்கிறது. போகும்போது வலையும் ஆளும் மட்டும். வரும்போது பாடு கிடைத்திருந்தால் வள்ளம் அரை முழம் அமிழ்ந்து வரும். ஒரே எஞ்சினுக்கு ஒரே நாளில் இரண்டு உயரங்கள் தேவைப்பட்டன.

தச்சரும் மீனவரும் கடலில் ஓட்டிப் பார்த்தே இதைத் தீர்த்தார்கள். சுமையோடு ஓட்டுவது, சட்டென்று திருப்புவது, எஞ்சின் கத்தினால் அரை அங்குலம் இறக்குவது. கத்தாமல் கனத்து ஓடினால் ஒரு துண்டு வைத்து ஏற்றுவது. இந்த அறிவு எந்த நூலிலும் எழுதப்படாமல் ஊருக்கு ஊர் மாறியது. அந்தந்தக் கரையின் அலைக்கேற்ப மாறியது என்பதே சரி.

எழுத்தறிந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சின் பழுதுபார்க்கும் பணிமனைகளை நடத்தியது. குமரி மாவட்டத்து முட்டம் போன்ற ஊர்களில் ஒட்டுப்பலகையில் புதிய வள்ளங்கள் கட்டப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படியான டீசல் எஞ்சினோடு படகுகளை வடிவமைத்தது. அத்திட்டம் சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி 1986-ல் வெளியிட்ட கையேடு, வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே எண்ணெய் பெருமளவு மிச்சமாகும் என்று சொல்கிறது. அறிவுரை சரியானதே. ஆனால் முதலில் கரைக்கு வரும் மீனுக்கே விலை என்ற சந்தையில் மெதுவாகப் போகும்படி யாரிடம் சொல்வது?

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு கரையின் தோற்றமே மாறியது. ஆழிப்பேரலை அழித்த கலங்களுக்கு ஈடாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் அருகியது. எஞ்சின் இருக்கும் இடமும் உயரமும் வார்ப்பச்சிலேயே முடிவாகிவிட்டன. ஊர்த் தச்சர் முடிவுசெய்துவந்ததை எங்கோ ஒரு பட்டறையின் அச்சு முடிவுசெய்தது. அப்படி வந்த படகிலும் துண்டு வைத்து ஏற்றியும், பலகையைச் செதுக்கி இறக்கியும் திருத்திக்கொள்ளும் மனிதர்களைக் கரையில் காணலாம். அவர்களுக்கு அச்சு சொல்வது தொடக்கம் மட்டுமே.

பொருந்தாது என்று 1950களில் எழுதப்பட்ட தீர்ப்பைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த நிபுணர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வைத்திருந்த அளவுகோலில் வள்ளம் பொருந்தவில்லைதான். முப்பது ஆண்டுகளுக்குப் பின் கடனும் பசியும் நெருக்கியபோது, படிப்பில்லாதவர்கள் என்று கருதப்பட்டவர்கள் சில மரத்துண்டுகளால் அதைப் பொருத்திக் காட்டினார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் யார் கடலில் முன்னேறினார்கள், யார் பின்தங்கினார்கள் என்பதை இன்றைய கடற்கரையின் வீடுகளே சொல்லும்.

அடுத்த வாரம் வகுப்பில் கலங்களின் பெயர்களுக்குக் கீழே ஒரு வள்ளத்தைப் பக்கவாட்டில் வரைந்தேன். அந்த மாணவனை அழைத்து, எஞ்சின் எங்கே வரும் என்று காட்டச் சொன்னேன். அவன் பின்முனையில் எஞ்சினை வரைந்து, அடிப்பாகத்தின் மட்டத்தில் தகட்டுக்காக ஒரு கோடு போட்டான். சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு அதை அழித்தான். இரண்டு விரல் கீழே மறுபடியும் போட்டான்.

"ஆனி ஆடிக் கடலுக்கு இதுதான் சார்" என்றான். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.