கால்வாயும் துறைமுகமும்: மைசூர் ஈட்டிக் குதிரைப்படையும் கோலார்த் தங்கவயலும்

முன்னுரை

முதல் உலகப்போரில் இந்தியர் பெற்ற பங்கினை ஆராயும் நூல்கள் பிரான்சு, மெசபொத்தேமியா ஆகிய களங்களையே பெரிதும் பேசுகின்றன. சூயசுக் கால்வாயைக் காக்கவும் ஹைஃபாத் துறைமுகத்தைக் கைப்பற்றவும் மைசூர்க் குதிரைப்படை ஆற்றிய பணி அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. அப்போர்களையும், அப்படையின் பதவிப்பெயர்கள் தரும் சான்றுகளையும், கோலார்த் தங்கவயலுக்கு அவற்றோடு உள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

தங்கவயலும் கருவூலமும்

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் சுரங்கப்பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழரே அங்கு நிலத்தடித் தொழிலாளருள் பெரும்பகுதியினர். எடுக்கப்பட்ட தங்கத்திற்கு மைசூர் அரசு உரிமைத்தொகை பெற்றது. அரசின் வருவாயில் அது முக்கியமான இனமாகும். போர் மூண்டதும் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் போர்ச்செலவுக்கு 50 இலட்சம் ரூபாய் அளித்தார். தம் குதிரைப்படையையும் அனுப்பினார். இவற்றைத் தாங்கிய கருவூலத்தில் தங்கவயல் உழைப்பின் பங்கும் இருந்தது என்பது கருதத்தக்கது.

கால்வாய்ப் போர்

1869இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாய் இந்தியாவிற்கும் இங்கிலாந்திற்கும் இடையேயான கடல்வழியைப் பெரிதும் சுருக்கியது. அதனைத் துண்டிக்க எண்ணிய உதுமானியத் தளபதி செமால் பாசா, ஏறத்தாழ 20,000 வீரருடன் சினாய்ப் பாலைவனத்தைக் கடந்து வந்தார். 1915 பிப்ரவரி 3ஆம் நாள் விடியுமுன் தூசூம், செராப்பியம் பகுதிகளில் உலோகப் படகுகளை நீரில் இறக்கினர். கரையில் இருந்த இந்தியக் காலாட்படையும் எகிப்தியப் பீரங்கிப்படையும் அவர்களைத் தடுத்தன. சில படகுகளே மறுகரை சேர்ந்தன. அவற்றில் வந்தோர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். சுதேச அரசுகளின் குதிரைப்படைப் பிரிவில் அடங்கிய மைசூர்ப் படை, கால்வாய்க் காவலில் ஈடுபட்டிருந்தது.

துறைமுகப் போர்

1918இல் பாலத்தீனத்தில் வடக்கு நோக்கி முன்னேறிய நேசநாட்டுப் படைக்கு உணவும் கருவிகளும் கடல்வழி வந்திறங்க ஹைஃபா தேவைப்பட்டது. கர்மேல் மலைக்கும் கீசோன் ஆற்றுக்கும் இடைப்பட்ட குறுகிய வழியைப் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் காத்து நின்றன. செப்டம்பர் 23ஆம் நாள் மைசூர்ப் படையின் ஒரு பகுதி மலைமீதேறிப் பீரங்கிகளைத் தாக்க, சோத்பூர்ப் படை கீழிருந்து பாய்ந்தது. ஆற்றோரச் சேற்றுமணல் குதிரைகளை விழுங்கியதால், சோத்பூர் வீரர் இடப்புறம் திரும்பி மலைச்சரிவின் வழியே நகருள் நுழைந்தனர். 1,300க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். தாக்கியோரில் எண்மர் மாண்டனர். அவருள் சோத்பூர் மேசர் தல்பத் சிங் ஒருவர். குதிரைகள் 60 மடிந்தன.

பதவிப்பெயர்ச் சான்று

இப்படையின் வரலாற்றை அதன் சொற்களும் காட்டுகின்றன. 1807ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி மைசூர் அரசு 4,000 குதிரை வீரரை வைத்திருக்கக் கடமைப்பட்டது. அவ்வீரர் 'சில்லேதார்' எனப்பட்டனர். ஆயுதம் எனப் பொருள்படும் அரபுச்சொல்லும், உடையவர் எனப் பொருள்படும் 'தார்' என்னும் பாரசீக ஈறும் சேர்ந்து உருவான சொல் இது. குதிரையும் ஆயுதமும் வீரனுக்கே சொந்தம் என்ற வழக்கத்தை அது உணர்த்துகின்றது. ரிசால்தார், ஜமேதார் என்பனவும் அவ்வழியின. தாசில்தார் என்ற சொல்லால் தமிழர் இவ்வீற்றை நன்கறிவர். மைசூர்ப் படையின் 'ரெஜிமென்ட்தார்' என்ற பதவிப்பெயரோ ஆங்கில அடியும் பாரசீக ஈறும் கொண்ட கலப்புச்சொல். பழைய ஆட்சிமுறையின்மேல் ஆங்கிலேயர் ஆணை வந்தமர்ந்த நிலையை இவ்வொரு சொல்லே காட்டிவிடுகின்றது எனலாம்.

முடிவுரை

தில்லியில் உள்ள மூன்று வீரர் சிலைகள் ஐதராபாத்து, சோத்பூர், மைசூர் ஆகிய அரசுகளின் படைகளைக் குறிக்கின்றன. அச்சந்திப்பின் பெயரில் 2018இல் 'ஹைஃபா' சேர்க்கப்பட்டது. எனினும் சிலைகள் அரசுகளையே சுட்டுகின்றன. தனி வீரரைச் சுட்டவில்லை. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட தங்கவயலின் வரலாறும் எடுத்த பொன்னின் எடையால் எழுதப்படுகின்றது. எடுத்தவர் பெயரால் அன்று. ஊதியப் பதிவேடுகள், படைப்பட்டியல்கள், கல்லறை எழுத்துகள், வாய்மொழி வழக்காறுகள் ஆகியவற்றைத் தொகுத்து இவ்விரு சாராரின் பெயர்களையும் மீட்பது மொழியாய்வாளர்க்கும் வரலாற்றாய்வாளர்க்கும் பொதுவான கடமையாகும்.